தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மனநல, நடத்தை மதிப்பீடு: சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குத் தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தையலும் பிரித்தாயிற்று. நடக்கிறாள், பேசுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள். தங்கச்சி பென்சிலைத் தொட்டால் அடி விழுகிறது. பள்ளி வேன் ஹாரன் கேட்டாலே வயிற்று வலி என்கிறாள். வீட்டுப் பெரியவர்கள் "அடிபட்ட பயம், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். சரியாகவும் ஆகலாம். லேசான அடி என்றால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆகாமலும் போகலாம். இதில் எது என்று ஊகித்துக்கொண்டே காலத்தைக் கடத்தாமல், அளந்து பார்க்க வழி இருக்கிறது.

அந்த வழி இருப்பதே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. என் மகளுக்காக நானும் கணவரும் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டரோ உளவியலாளரோ இல்லை; வரிசையில் நின்று ஃபைல் சுமந்த அம்மா, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கோபம், கவனம், சிநேகிதம், பயம் இதெல்லாம் அதில் தெரியாது. அவற்றை அளக்க வினாத்தாள், பேட்டி, சோதனை என்று வேறு கருவிகள் உண்டு. அந்தக் கருவிகள் தரும் எண்ணும், அடிபடுவதற்கு முன் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட்டால்தான் பேசும்.

தொடர்ந்து வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் பலவீனம் என்று ஏதாவது தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மதிப்பீடு இல்லை, அவசரச் சிகிச்சைதான் வேண்டும்.

1. முதல் வேலை: 'முன்பு எப்படி இருந்தாள்' என்று எழுதி வைப்பது

மதிப்பீட்டுக்குப் போனால் முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்பதுதான். ஆறு மாதம் கழித்து அதற்குப் பதில் சொன்னால் வாயில் வருவது பாதி நினைவு, பாதி ஏக்கம். அடிபடுவதற்கு முன் பிள்ளை தங்கமாக இருந்தது போலத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆராய்ச்சி செய்பவர்கள் இதைத் தெரிந்துதான், அடிபட்ட சில வாரங்களுக்குள்ளேயே முந்தைய நிலையைப் பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்கிறார்கள். அதே வேலையை நாம் ஒரு 40 பக்க நோட்டில் செய்துவிடலாம். செலவு இல்லை.

எழுதும்போது 'நல்ல பொண்ணு', 'சுட்டி' என்ற மாதிரி வார்த்தைகள் உதவாது. எத்தனை மணிக்குத் தூங்குவாள், நடுவில் எழுவாளா, ஹோம்வொர்க்கில் எவ்வளவு நேரம் உட்காருவாள், கோபம் வந்தால் என்ன செய்வாள், எவ்வளவு நேரத்தில் அடங்குவாள், யாரோடு விளையாடுவாள், கடைக்குத் தனியாகப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவாளா என்று எழுதுங்கள். பழைய குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் மகள் முன்பிருந்தே கணக்கு என்றால் அழுவாள். அதை எழுதி வைத்ததால்தான், பின்னால் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோது அதையும் விபத்தின் கணக்கில் சேர்க்காமல் தப்பித்தோம்.

கூடவே பழைய ரேங்க் கார்டு, டைரியில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், கையெழுத்து தெரியும் இரண்டு நோட்டுகள், பிறந்தநாள் வீடியோ ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வருஷம் முடிந்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வருஷம் நிறுத்திவையுங்கள்.

2. காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரிதான் அஸ்திவாரம். அதில் சில விவரங்கள் இருக்கின்றனவா என்று வார்டை விட்டு வருவதற்கு முன்பே பாருங்கள். முதலில் ஜி.சி.எஸ். எண். வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு எவ்வளவு நினைவு இருந்தது என்பதைச் சொல்வது அது. 3 முதல் 15 வரை போகும். 13 முதல் 15 என்றால் லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழேயும் கடுமையானது. அடுத்தது எவ்வளவு நேரம் மயக்கம், வலிப்பு வந்ததா, ஸ்கேனில் எந்தப் பக்கம் என்ன, ஆபரேஷன் நடந்ததா, என்ன மருந்து. விட்டுப்போயிருந்தால் டியூட்டி டாக்டரிடம் அப்போதே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு என்றால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் மனு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

சம்மரியில் பெரும்பாலும் இல்லாத ஒன்றை நீங்களே எழுத வேண்டும். கண் விழித்த பிறகும் சில பிள்ளைகளுக்கு நடப்பது எதுவும் மனதில் பதியாது. காலையில் வந்த மாமாவை மாலையில் கேட்டால் "யாரும் வரலையே" என்பார்கள். எந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஞாபகம் நிற்க ஆரம்பித்தது என்று குறித்துவையுங்கள். காயத்தின் கடுமையைக் கணிக்க இந்த இடைவெளி மிக முக்கியமான தகவல். கூட இருந்து பார்த்துக்கொண்ட பாட்டியையோ சித்தியையோ கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் இது நன்றாக நினைவிருக்கும்.

ஸ்கேன் ஃபிலிம் அல்லது அதைப் பதிந்த டிஸ்க், அதன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சாலை விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எஃப்.ஐ.ஆர். நகலும் சேர வேண்டும். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் கொடுத்த வீடுகள் நம்மிடையே நிறைய. சோதனைகளின் மதிப்பெண் வருஷம், மாதம் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. பள்ளி ஆவணத்தில் எது இருந்தாலும் உளவியலாளரிடம் நிஜமான தேதியைச் சொல்லுங்கள்.

மருந்துப் பட்டியலும் அப்படித்தான். தலையில் அடிபட்டால் வலிப்பு வராமல் இருக்க லெவிடிராசிட்டம் என்ற மருந்தை அடிக்கடி கொடுப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். கோபம் மருந்து ஆரம்பித்த பிறகு வந்ததா, முன்பே வந்ததா என்று தேதியோடு சொன்னால் டாக்டர் முடிவெடுப்பார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம்.

காதும் கண்ணும் சோதித்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதுப் பக்கத்து எலும்பில் முறிவு இருந்தால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். 'சொன்னதைக் கேக்கறதில்ல' என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம், பிள்ளைக்கு நிஜமாகவே கேட்டிருக்காது.

3. எதையெல்லாம் அளக்கிறார்கள்

"மூளை டெஸ்ட் எடுக்கணும்" என்று போய் நின்றால் பல இடங்களில் ஐ.க்யூ. சோதனை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஐ.க்யூ. நன்றாக இருந்தும் வகுப்பில் ஒட்ட முடியாத பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ஆகவே கேட்கும்போதே "உணர்ச்சி, நடத்தை, பழகும் முறை, அன்றாட வேலை, படிப்பு எல்லாத்துக்கும் சேர்த்து மதிப்பீடு வேணும்" என்று கேளுங்கள்.

எஸ்.டி.க்யூ. என்ற வினாத்தாளில் 25 வாக்கியங்கள். உணர்ச்சிச் சிக்கல், நடத்தை, துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக பிள்ளைகளோடு உறவு, அடுத்தவருக்கு உதவும் குணம் என ஐந்து பகுதிக்கு ஐந்தைந்து. 4 முதல் 17 வயது வரை பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்பத் தனிப் படிவம் உண்டு. தமிழில் இருக்கிறது, காகிதத்தில் நிரப்புவதற்குக் காசு கிடையாது. பத்து நிமிஷ வேலை. ஆரம்பத்துக்கு இதுதான் வசதி.

சி.பி.சி.எல். இதைவிட நீளம், நூற்றுக்கு மேல் வரிகள். மனச்சோர்வு, பயம், முரட்டுத்தனம் என்று நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய கருவி என்பதால் எல்லா இடத்திலும் இருக்காது. பிரீஃப் என்பது திட்டமிடுதல், பொறுத்திருத்தல், வேலையை ஆரம்பித்து முடித்தல் போன்றவற்றைக் கேட்கும். நெற்றிப் பக்கம் அடிபட்ட பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பெட்ஸ்க்யூ.எல். 23 கேள்விகளில் வாழ்க்கைத் தரத்தைப் பார்க்கும். வி.எஸ்.எம்.எஸ். நம் நாட்டில் அதிகம் பயன்படுவது. 89 அம்சங்கள், பெற்றோரைப் பேட்டி கண்டே நிரப்புவார்கள், சமூக முதிர்ச்சி எவ்வளவு என்று சொல்லும். காஸ்ப் என்ற 20 கேள்விப் படிவம், வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் பிள்ளை எவ்வளவு கலந்துகொள்கிறாள் என்று கேட்கும். ஐ.க்யூ.வுக்கு மிஸிக், பினே காமத் ஆகியவற்றைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

இத்தனையும் ஒரே பிள்ளைக்குத் தேவைப்படாது. எதை எடுப்பது என்பது உளவியலாளர் முடிவு. பெயர்களைத் தெரிந்து வைத்திருந்தால் "இது எதுக்கு, அது ஏன் இல்ல" என்று கேட்கலாம், அதற்காகத்தான் சொன்னேன்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. எஸ்.டி.க்யூ.வின் வழக்கமான படிவம் 'கடந்த 6 மாதங்களை மனதில் வைத்து' நிரப்பச் சொல்லும். அடிபட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் அந்த ஆறு மாதத்தில் நான்கு பழைய பிள்ளை, இரண்டு புதிய பிள்ளை. இரண்டும் கலந்து ஒன்றுக்கும் உதவாத எண் வரும். எனவே இரண்டு படிவம் கேளுங்கள். ஒன்றில் 'விபத்துக்கு முந்தைய 6 மாதம்' என்று மேலே எழுதி அதற்கு ஏற்ப நிரப்புங்கள். இன்னொன்று, கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும் தொடர் மதிப்பீட்டுப் படிவம். இரண்டிலும் நிரப்பிய தேதியும் நிரப்பியவர் பெயரும் இருக்க வேண்டும்.

4. எங்கே போவது

காயத்தைப் பார்த்த நியூரோசர்ஜரி ஓ.பி.யில் ஆரம்பித்து, "க்ளினிகல் சைக்காலஜிக்கு ரெஃபர் பண்ணுங்க" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தச் சீட்டு இல்லாமல் போனால் அரசு மருத்துவமனையில் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

அரசு இடங்களில் எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கும் குழந்தைகள் நல மருத்துவமனை, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. 'கீழ்ப்பாக்கம்' என்றதும் சொந்தக்காரர்கள் முகம் மாறும். அதற்காகத் தயங்க வேண்டாம், அங்கே குழந்தைகளுக்கென்றே பிரிவு உண்டு. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உடல் பயிற்சியும் சேர்த்துப் பார்க்கலாம். ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் என்.ஐ.இ.பி.எம்.டி., பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம். பிசியோ, பேச்சுப் பயிற்சி, உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். வடசென்னையிலிருந்து போனால் ஒரு முழு நாள் போய்விடும், ஆனால் நாலு இடத்துக்கு அலைவதைவிட மேல். தனியாரில் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் க்ளினிகல் சைக்காலஜி துறை இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்த க்ளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் ரிப்போர்ட்டில் பதிவு எண் இருக்கும். அந்த எண் இல்லாத ரிப்போர்ட்டைச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டிய எல்லாரும் இந்தச் சோதனைகளை எடுக்கத் தகுதி பெற்றவர்கள் இல்லை. நினைவாற்றல் பெருக்குகிறோம், மூளையைத் தூண்டிவிடுகிறோம் என்று பேக்கேஜ் போட்டு விற்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

5. செலவு

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் கட்டணம் இல்லை. செலவெல்லாம் ஆட்டோ, லீவு போட்டதால் போன சம்பளம், ஜெராக்ஸ். தனியாரில் எத்தனை சோதனை என்பதைப் பொறுத்துச் சில ஆயிரத்தில் ஆரம்பித்து ஐந்து இலக்கம் வரை போகிறது. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: என்னென்ன சோதனை, எத்தனை தடவை வர வேண்டும், எழுத்து ரிப்போர்ட்டுக்குத் தனிக் கட்டணமா, ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்ல மறுபடி கன்சல்டேஷன் கட்ட வேண்டுமா. கடைசிக் கேள்வியில்தான் பலருக்கு அதிர்ச்சி.

சாலை விபத்துக்கான 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. மாதங்கள் கழித்து எடுக்கும் மதிப்பீடு அதில் வராது. தனியார் மெடிக்ளைமிலும் ஓ.பி. மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை.

6. பள்ளியிடமிருந்து படிவம் வாங்குவது

இதுதான் இழுக்கும். ஆனால் விட்டுவிடக் கூடாத படி. என்ன காரணம் என்று ஒரே ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன். 'நல்ல நண்பர் ஒருவராவது இருக்கிறாரா' என்ற பொருளில் எஸ்.டி.க்யூ.வில் ஒரு வாக்கியம் உண்டு. நான் 'முற்றிலும் உண்மை' என்று டிக் அடித்தேன். கீழ்வீட்டுப் பெண் தினமும் மாலை வந்து விளையாடுகிறாளே. வகுப்பாசிரியை அதே வரிக்கு 'உண்மையில்லை' என்று அடித்திருந்தார். விசாரித்தபோது சொன்னார்: "லஞ்ச்ல எல்லாரும் வட்டமா உக்காருவாங்க மேடம். இவ டிபன் பாக்ஸத் தூக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிடுவா. சத்தம் ஜாஸ்தியாம்." இரண்டு பதிலும் சரிதான். வீட்டில் ஒரே ஒருத்தியோடு அமைதியாக விளையாட முடிகிறது, நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் முடியவில்லை. உளவியலாளருக்கு இந்த வித்தியாசம்தான் வேண்டியிருந்தது.

அப்புறம், எப்படி வாங்குவது. முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். விபத்து நடந்த தேதி, டாக்டர் பரிந்துரை, வகுப்பாசிரியர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவு போதும். முழு டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொடுக்கத் தேவையில்லை. நிரப்பிய படிவத்தை ஒட்டிய கவரில் போட்டு உளவியலாளர் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். நாம் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தால் ஆசிரியர் பூசி மெழுகாமல் எழுதுவார்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் எல்லாரும் பரிதாபப்படுவார்கள், யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மாதமாவது போகட்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தில் கேட்டால் படிவம் டிராயரிலேயே தூங்கும். ஜூனில் வகுப்பு மாறிப் புது ஆசிரியர் வந்திருந்தால், 'முன்பு எப்படி' என்ற படிவத்தைப் போன வருஷத்து ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் வேறு பள்ளிக்குப் போவதற்கு முன் கேளுங்கள்.

"ரிப்போர்ட்டைக் காட்டினால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ" என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி 8-ம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. சட்டத்தைப் பேச்சின் ஆரம்பத்திலேயே எடுத்துவிடாதீர்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

7. மதிப்பீட்டு நாள்

காலை நேரமாகக் கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். மதியம் மூன்று மணிக்கு எடுத்த சோதனை திறமையைக் காட்டாது, களைப்பைத்தான் காட்டும். அரசு ஓ.பி.யில் நேரம் நம் கையில் இல்லை. அங்கே முதல் நாள் வரிசையில் நின்று சோதனைக்கென்று வேறு தேதி வாங்கிக்கொள்வது நல்லது. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு அன்றே உட்கார வைக்காதீர்கள்; "இன்னிக்கு ரொம்ப களைச்சுட்டா, வேற நாள் குடுங்க" என்று கேட்கலாம், கொடுக்கிறார்கள்.

நன்றாகத் தூங்கி, இட்லியோ எதுவோ சாப்பிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இருந்தால் அதோடு வரட்டும். எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போக வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் ஐ.க்யூ. கேள்விகளைப் பழக்கிவிட்டால் சோதனையே வீணாகிவிடும்.

மொழியைப் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் என்ற பிள்ளைக்குச் சொல்வளச் சோதனையை ஆங்கிலத்தில் மட்டும் எடுத்தால் மதிப்பெண் விழும், விழுந்தது அடியாலா மொழியாலா என்று தெரியாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் படிவத்தையும் உங்களுக்குச் சரளமான மொழியில் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தை ஒருவர் அவசரமாக வாய்மொழியில் தமிழாக்கிக் கேட்டுக்கொண்டே டிக் அடித்தால், அடுத்த தடவை வேறொருவர் வேறு மாதிரி சொல்வார். எண் மாறும், பிள்ளை மாறியிருக்க மாட்டாள்.

உங்களிடமும் நிறையக் கேட்பார்கள். கடன் இருக்கிறதா, வீட்டில் சண்டை உண்டா, உங்களுக்குத் தூக்கம் வருகிறதா. "பிள்ளைக்குப் பார்க்க வந்தா நம்ம வீட்டு விஷயத்தைக் கேக்கறாங்களே" என்று என் கணவருக்கு முதலில் கோபம் வந்தது. வீட்டுச் சூழல் பிள்ளை தேறுவதில் பெரிய பங்கு வகிக்கிறது, அதனால் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதல் குழப்பம், எண் கூடினால் நல்லதா கெட்டதா என்பது. எஸ்.டி.க்யூ., சி.பி.சி.எல்., பிரீஃப் மூன்றிலும் கூடினால் சிக்கல் கூடியிருக்கிறது. பெட்ஸ்க்யூ.எல்.லில் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. எஸ்.டி.க்யூ.வுக்குள்ளேயே உதவும் குணம் என்ற பகுதியில் மட்டும் கூடினால் நல்லது. மொத்த எண்ணில் அது சேராது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எஸ்.டி.க்யூ. மொத்தம் 40-க்கு. பெற்றோர் படிவத்தில் 13 வரை இயல்பு, 14 முதல் 16 எல்லைக்கோடு, 17-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. ஆசிரியர் படிவத்தில் இதே வரிசையில் 11 வரை, 12 முதல் 15, 16-ம் அதற்கு மேலும். இந்த எல்லைகள் பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போடப்பட்டவை. ஆகவே 16 வந்தால் நிம்மதி, 17 வந்தால் இடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு 6 இருந்த பிள்ளைக்கு இப்போது 13 என்றால் 'இயல்பு' என்றுதான் அச்சாகும், ஆனால் வீட்டில் என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரியும். முதல் படியில் எழுதச் சொன்ன நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

சி.பி.சி.எல்., பிரீஃப் இரண்டிலும் டி ஸ்கோர் என்று, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட எண்ணைப் போடுவார்கள். சராசரி 50. 65-க்கு மேல் போனால் உளவியலாளர் உட்கார்ந்து பேசுவார்.

பிள்ளையே நிரப்பிய படிவத்தில் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று வந்தால் பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னிடம் வந்த மாற்றத்தைத் தானே உணர முடியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு விளைவு. எதிர்மாறாக, அவள் 'எனக்கு வாழவே பிடிக்கல' என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ எழுதினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். கையோடு டாக்டரையும் பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் இருக்க வேண்டும். 'கவுன்சிலிங் தேவை' என்ற ஒரு வரியோடு முடிந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன் பெஞ்சில் உட்கார வைப்பது, அரை நாள் பள்ளியில் ஆரம்பிப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, நடுவில் ஓய்வு, எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை பயிற்சி என்று நடைமுறையாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்குக் கொடுக்க இந்தப் பக்கத்தை மட்டும் தனிக் கடிதமாகக் கேளுங்கள்.

9. மறுபடியும் எப்போது

அடிபட்டு 3 மாதம், 6 மாதம், ஒரு வருஷம் என்று வினாத்தாள்களைத் திரும்ப நிரப்புவது வழக்கம். அதே நபர் நிரப்ப வேண்டும். முதலில் அம்மா, அடுத்த தடவை அப்பா என்றால் வரும் வித்தியாசம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசமாகத்தான் இருக்கும். ஐ.க்யூ. போன்ற சோதனையை அவ்வளவு சீக்கிரம் திரும்ப எடுக்கக் கூடாது, கேள்விகள் ஞாபகம் இருக்கும். இன்னொரு இடத்தில் இரண்டாம் கருத்துக்குப் போனால் எந்தச் சோதனை எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு வருஷத்தில் எல்லாம் சரி என்று வந்தாலும் ஃபைலை மூடாதீர்கள், குறிப்பாக நடுத்தர அல்லது கடுமையான காயம் என்றால். மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி. இரண்டாம் வகுப்பில் அதன் வேலை அதிகம் தேவைப்படாது. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வரும்போதும், ஒன்பதாம் வகுப்பில் பாரம் ஏறும்போதும், வயதுக்கு வரும் காலத்திலும்தான் குறை வெளியே தெரியும். 'சின்ன வயசுல அடிபட்டா சீக்கிரம் ஆறிடும்' என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒரு எஸ்.டி.க்யூ. நிரப்பி வைப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

10. சான்றிதழ், பரீட்சைச் சலுகை, இழப்பீடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் 'தலைக்காயம்' என்று தனி வகை கிடையாது. என்ன குறை மிஞ்சியிருக்கிறதோ அந்தப் பெயரில்தான் சான்றிதழ்: இயக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பேச்சு, மனநோய் என்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.க்கு ஆன்லைனில் பதிந்து அரசு மருத்துவமனை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இடைத்தரகருக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. பிள்ளை இன்னும் தேறிக்கொண்டிருந்தால் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் நினைத்துக்கொண்டால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை ஆரம்பியுங்கள்.

சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்து 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மதிப்பீடெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல் வழக்கறிஞரை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். மனு போட்ட பிறகு வரும் ரிப்போர்ட்டுகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். வழக்கறிஞர், பள்ளி, அடுத்த ஆஸ்பத்திரி, யார் கேட்டாலும் நகல்தான். ஒரிஜினல் ஸ்கேனும் உளவியல் ரிப்போர்ட்டும் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். தீர்ப்பாயம் ஒரிஜினலைக் கேட்டால் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு எழுத்து மூலம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.